மறுபடி வந்த காய்ச்சல்

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு கம்பெனியின் மருந்தறையில் நர்ஸாக இருந்தேன். டாக்டர் பெங்களூரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் யாருக்கு லீவு சீட்டு, யாருக்கு வெறும் மாத்திரை என்பது என் கையில். அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த மார்கழியில் ஃப்ளூ காய்ச்சல் ஷெட் முழுக்கப் பரவியது. குளிருக்கு ஜன்னலை மூடிய கம்பெனி பஸ்ஸில் ஒருவர் இருமினால், இரண்டு நாளில் பக்கத்து சீட்டுக்காரர் என் முன்னால் நிற்பார். லீவு அதிகமாகிறது என்று மானேஜர் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். அதன் பிறகு நான் கறாரானேன்.

நாட்றாம்பாளையத்துக்காரர் ஒருவர், லேத் ஆபரேட்டர். மத்திகிரியில் மனைவியோடு வாடகைக்கு இருந்தார். ஃப்ளூவுக்கு நான்கு நாள் லீவு எடுத்து, தேறி வேலைக்கு வந்தவர், இரண்டாம் நாளே திரும்பவும் வந்து நின்றார்.

"சிஸ்டர், மறுபடி காய்ச்சல் அடிக்குதுங்க. மூச்சு இழுத்தா இந்தப் பக்கம் குத்துது."

"நாலு நாள் லீவு பத்தலையா? ஃப்ளூ வந்துட்டுப் போனா போனதுதான். ஊர்ல ராகி அடிக்கிற வேல இருக்குதா?"

பின்னால் நின்ற இருவர் சிரித்தார்கள். நான் அவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு மாத்திரை கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போனார்.

மறுநாள் அவரை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சளி துரு நிறத்தில் வந்ததாம். நிமோனியா.

விஷயம் கேட்டு டாக்டர் என்னிடம் விளக்கினார். "ஃப்ளூ நுரையீரலைப் பலவீனமாக்கிடும். அந்த நேரம் வேற கிருமி உள்ள பூந்துக்கும். நல்லாகிட்டு மறுபடி காய்ச்சல் வந்து நெஞ்சு குத்தினா, உடனே அனுப்பிடணும். அவன் இங்க வந்தானா?"

"இல்ல டாக்டர். வரவே இல்ல."

யோசிக்காமலே வாயில் வந்தது.

ஒரு மாதம் கழித்து அவர் பாதியாக இளைத்து வந்தார். வேலைக்குத் தகுதி என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஏம்ப்பா, குத்தின அன்னிக்கே இங்க வரக் கூடாதா? சிஸ்டர் இருந்தாங்கல்ல?"

அவர் என்னைப் பார்த்தார்.

"தப்புதான் சார். வந்திருக்கணும்."

உயிரோடு விளையாடுகிறாயா என்று டாக்டர் அவரைத் திட்டித் தீர்த்தார். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

வெளியே ஓடிப்போய் அவரை நிறுத்தினேன். "என்ன மன்னிச்சிடுங்க. அன்னிக்கு நான்..."

"விடுங்க சிஸ்டர். எனக்குப் பொண்டாட்டி இருக்கா, உங்களுக்கும் குடும்பம் இருக்கும். வேல போனா என்னா பண்ணுவீங்க?"

கோபமே இல்லாமல் சொன்னார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டாக்டரிடம் நான் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. அந்தக் கோடையில் அந்த ஆபரேட்டரின் விரலை லேத் கிழித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மருந்தறை இருபதடி தூரம்தான். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, டவுன் பஸ் ஏறி வெளி டாக்டரிடம் போய்விட்டாராம்.