டெல்மரின் ஏழு

சீட்டாட்டத்தில் ஏழும் இரண்டும் மட்டும் கையில் இருக்க, ஓர் உறைந்த வான்கோழி. ஒரு ஜோடி மூன்றை வைத்து, ஓடாத ஒரு பிக்கப் வண்டி. பெயரைச் சொல்லச் சொன்ன பள்ளி ஆசிரியை காத்திருந்து அலுத்துவிட்டதால், அந்த வருடம் முழுக்க எந்தக் கேள்வியும் கேட்கப்படாத நிம்மதி. கடைசியாக, திக்குவாய்க்காரனுக்கு உரக்க எண்ணுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு வேலை. டெல்மர் ஹக்கபி ஜெயித்தவை இவை. வான்கோழியின் எடையைக்கூட அவன் அக்கா வெர்னா சொல்வாள்.

அமெரிக்காவின் ரீனோ நகரில் ஒரு சூதாட்ட விடுதியின் போக்கர் அறைக்கு அவன் மேற்பார்வையாளன். ஒருவன் முடிவெடுக்காமல் சீட்டை முறைத்துக்கொண்டே இருந்தால், மேசையில் வேறு யாராவது "டைம்!" என்று கத்தலாம். டெல்மர் கால்சட்டையை மேலே இழுத்துக்கொண்டு வருவான். ஒரு நிமிடம் சும்மா நிற்பான். பிறகு பத்திலிருந்து கீழே எண்ணுவான். எண்ணி முடிவதற்குள் வாய் திறக்காதவனின் சீட்டு செத்தது; அந்த ஆட்டத்தில் அது செல்லாது.

பத்து, ஒன்பது, எட்டு ஆகிய மூன்றும் வழுக்கிக்கொண்டு வரும். அப்புறம் "ஏ... ஏ... ஏ..." கன்னம் உப்பும், கண் உத்தரத்துக்குப் போகும். அந்த ஏழுக்குள் ஒருவன் தன் சீட்டையும் எதிராளியின் முகத்தையும் விட்டுப்போன மனைவியையும் நினைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

"கடவுள் ஏழாம் நாள் ஓய்வெடுத்தாரு. நம்ம டெல்மர் ஏழுலயே ஓய்வெடுக்கிறான்" என்பார் ஆர்லோ, சுரங்க லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர்.

போக்கர் அறையின் பித்தளைத் தடுப்புக்கு இந்தப் பக்கம், காப்பிக்கடையில் பரிமாறுகிறவள் வெர்னா. ஒருநாள் டெல்மர், "ஏழாம் நம்பர் மேசைக்காரர் பில் கேக்குறாரு" என்று தடங்கலே இல்லாமல் சொன்னான்.

"டேய், இங்க மட்டும் ஏழு எப்படிடா வருது?"

"உன் கடையில யாரும் யோசிக்கிறதில்லையே, அக்கா."

அன்று அவன் ஆப்பிள் பைக்கு ஐஸ்கிரீம் வைக்கப்படவில்லை.

லாஸ் வேகஸிலிருந்து பிரெண்ட் லோமேக்ஸ் என்ற புது மேலாளர் வந்தார். டெல்மர் ஏழு என்று சொல்வதை ஒருமுறை முழுசாகக் கேட்டார். "இது போக்கர் ரூமா, பல் டாக்டர் வாசலா?" என்றார். மேசைக்கு ஒரு கடிகாரப் பெட்டி வந்தது. ஒவ்வொரு முடிவுக்கும் முப்பது வினாடி. சிவப்பு விளக்கு, ஒரு கீச்சு, சீட்டு செத்தது. டெல்மருக்கு அடுத்த மாதத்திலிருந்து கார் நிறுத்துமிடத்தில் வேலை என்று முடிவானது. வாசலில் இன்னொரு பெட்டியும் முளைத்தது: திருப்தியா என்று கேட்டு, சிரிக்கும் முகம், சும்மா முகம், அழும் முகம் என மூன்று பொத்தான்கள்.

ஆட்டங்கள் வேகமெடுத்தது உண்மைதான். ஆனால் அழும் முகப் பொத்தான், எல்லோரும் அழுத்தி அழுத்தி, ஒரே வாரத்தில் உள்ளே போய்விட்டது. ஆர்லோ அதைக் கைத்தடியால்தான் அழுத்துவார். மேசைகள் காலியாவது வெர்னாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. கழுவவேண்டிய கோப்பைகள் பாதியாகியிருந்தன. தம்பியைக் கார் சாவி வாங்கும் தொப்பியோடு நினைத்துப் பார்த்தாள். ஒரு கோப்பையின் காது கையோடு வந்துவிட்டது.

புதன்கிழமை மதியம் வான்கோழிப் பரிசு ஆட்டம். பெட்டியின் பெருமையைக் காட்ட லோமேக்ஸே உட்கார்ந்தார். ஆர்லோ தன் பந்தயச் சில்லுகளையெல்லாம் நடுவில் தள்ளினார். லோமேக்ஸ் சீட்டைப் பார்த்தார், ஆர்லோவைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். பெட்டி கீச்சென்றது.

"இருப்பா, இரு! எங்கிட்ட ரெண்டு ராஜா இருக்கு!"

"இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் சாவு வந்துடுச்சு" என்று ஆர்லோ தன் சீட்டைத் திருப்பினார். ஏழு, இரண்டு. போக்கரில் அதைவிட மட்டமான சீட்டு கிடையாது.

அடுத்த ஆட்டத்திலும் கிழவர் எல்லாவற்றையும் தள்ளினார். லோமேக்ஸின் நெற்றி வேர்த்தது. சிவப்பு விளக்கு எரிந்ததும் எட்டிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார்.

"டெல்மர் எங்கய்யா? அவனை எண்ணச் சொல்லுங்க!"

டெல்மர் கால்சட்டையை இழுத்துக்கொண்டு வந்தான். நின்றான். எண்ணினான். அவன் "ஏ... ஏ..." என்று உத்தரத்தைப் பார்த்திருந்த நேரம் முழுவதும் லோமேக்ஸ் ஆர்லோவின் மூக்கையே பார்த்தார். ஏழு வந்து விழுந்ததும், "சரி, நானும் வரேன்" என்று தன் சில்லுகளைத் தள்ளினார்.

இந்த முறை ஆர்லோவிடம் மூன்று ராணிகள் இருந்தன.

"தோத்துட்டேன்" என்றார் லோமேக்ஸ். முகம் தெளிந்திருந்தது. "ஆனா யோசிச்சுத் தோத்தேன்யா." போகிறபோது சிரிக்கும் முகத்தை அழுத்திவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை சுவரில் புது அறிவிப்பு ஏறியது: டைம் கேட்டால் மேற்பார்வையாளர் எண்ணுவார், அவர் எண்ணுவதே கணக்கு. கீழே கையெழுத்துப் போட இடம். அதுவரை தற்காலிக மேற்பார்வையாளன் என்று, எதற்கும் பெயரின் இரண்டே எழுத்துகளைக் கிறுக்கி வந்த டெல்மரிடம் லோமேக்ஸ் பேனாவை நீட்டினார். "முழுப் பேரும் போடு."

டெல்மர் பேனாவைப் பிடித்தபடி நின்றான். கை அசையவில்லை. வெர்னா தடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டைம்!" என்று கத்தினார் ஆர்லோ.

அறையே எண்ணத் தொடங்கியது. "பத்து! ஒன்பது! எட்டு!" பிறகு அத்தனை பேரும் கன்னத்தை உப்பி, உத்தரத்தைப் பார்த்து, "ஏ... ஏ... ஏ..." என்று அவன் எழுதி முடிக்கும்வரை நின்றார்கள்:

டெல்மர் யூஜின் ஹக்கபி, 2016 அக்டோபர் 7.