பெப்பரோமியாவுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்

வில்லியனூர் நர்சரியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருத்தர் அழுகிப்போன பெப்பரோமியா தொட்டிச்செடியை கேரி பேக்கில் தூக்கிவந்து மேஜைமேல் வைத்து, "இன்னா செடி குடுத்தீங்க?" என்று கத்தினார். அப்போதுதான் எனக்கு பல்ப் எரிந்தது. செத்த பிறகுதான் எல்லாரும் இங்கே கொண்டுவருகிறார்கள். உயிரோடு இருக்கும்போதே நாமே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்?

ஓனர் செல்வி அக்காவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"பாட்டனி படிச்ச கொழுப்புடி உனக்கு. சரி, ஒரே ஒரு செடிய பொழைக்க வை. பொழைச்சா ஸ்கூட்டிய எடுத்துக்கினு ஊர் ஊரா சுத்து. இல்லன்னா பேசாம மண் கலக்குற வேலைய பாரு."

முதல் நோயாளி கரிக்கலாம்பாக்கத்தில், நெல் விவசாயி தனகோட்டி அண்ணன் வீட்டில். ஜன்னலோரத் தொட்டியில் கீழ் இலைகள் மஞ்சள், மீதியெல்லாம் துவண்டு தொங்குகிறது. துவண்டால் தண்ணீர் பற்றவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். மண்ணில் விரலை விட்டேன். சேறு!

"தண்ணி எப்படிண்ணே ஊத்துறீங்க?"

"ஊத்துறதா? கட்டியே வச்சிகீறேன், பாரு."

தொட்டிக்கு அடியில் பேசின், அதில் விளிம்புவரை தண்ணீர். அண்ணன் பெப்பரோமியாவுக்குக் குட்டியாக ஒரு வயலே கட்டியிருந்தார்! இலை மஞ்சளானதும் ஒரு கை யூரியா வேறு.

"நாத்து ஒண்ணுதான் நடல" என்றார் அவர் மனைவி அஞ்சலை அக்கா. "வுட்டா ஹால்ல டிராக்டர் ஓட்டுவாரு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு செடியை வெளியே உருவினேன். வேர் பாதி பழுப்பு, தொட்டால் கொழகொழ. வேர் அழுகிவிட்டால் தண்ணீரிலேயே நின்றாலும் செடியால் குடிக்க முடியாது, அதனால்தான் துவளுகிறது. அழுகியதை வெட்டிவிட்டு, வெள்ளையாக உறுதியாக இருந்த வேரை மட்டும் வைத்துக்கொண்டேன். யூரியா மண்ணைக் கொட்டியாகிவிட்டது. அதற்குப் பதில் தேங்காய் நார்த்தூளான கோகோபீட்டும், தண்ணீர் தேங்கவிடாத பெர்லைட்டும் கலந்த கலவை. அடியில் ஓட்டையுள்ள, மிஞ்சிய வேர் அளவுக்கே ஒரு சின்னத் தொட்டி.

"மேல் மண் காஞ்ச அப்புறம்தான் தண்ணி. தண்ணி வடிஞ்சதும் அடித்தட்டை காலி பண்ணிடணும்" என்று பாடம் எடுத்தேன். அண்ணன் தலையை ஆட்டினாரே தவிர, கண் பேசின் பக்கமே போனது. சட்டென்று வாயில் வந்தது: "அண்ணே, காய்ச்சலும் பாய்ச்சலும்!" வயலில் தண்ணீரை நிறுத்தியே வைக்காமல், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சும் முறை.

"அட, அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா டாக்டரம்மா?" பேசின் பாத்ரூமுக்குப் போனது.

அப்புறம் தினமும் போன் போட்டு நச்சரித்தேன். ஒருநாள் அவரே வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். தண்டு நுனியில் பளபளவென்று நகக்கண் அளவு ஒரு தளிர்! நர்சரி அதிரக் கத்தினேன். செல்வி அக்கா போட்டோவைப் பெரிதாக்கி, "பழைய போட்டோ இல்லியே?" என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டி சாவியைத் தூக்கிப் போட்டார்.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும், செடியைப் பார்க்குமுன் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவரிடம்தான் முதலில் பேசுகிறேன்.

நாளைக்குப் பிள்ளைச்சாவடி. கடலோர வீடு, பெப்பரோமியா இலை ஓரமெல்லாம் கருகுகிறதாம். உப்புக்காற்றா, உப்புத்தண்ணீரா? அதே செடியிலிருந்து இரண்டு தண்டு வெட்டி, ஒரே ஜன்னலில் இரண்டு தொட்டி வைக்கப்போகிறேன். ஒன்றுக்கு அவர்கள் வீட்டு போர்வெல் தண்ணீர், இன்னொன்றுக்குப் பிடித்துவைத்த மழைத்தண்ணீர். போர்வெல் தண்ணீர் குடித்தது மட்டும் கருகினால் தண்ணீர், இரண்டும் கருகினால் காற்று. பார்த்துவிடலாம்!