நான் கீரப்பாளையத்தில் பிறக்கவில்லை

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பாண்டிச்சேரி பிரெஞ்சு கான்சுலேட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை ஆகியும் என் கையில் பிறப்புச் சான்றிதழ் இல்லை. மற்ற எல்லாம் இருந்தன: அப்பாவின் பிரெஞ்சு அடையாள அட்டை, அவருடைய இறப்புச் சான்று, பெற்றோரின் கல்யாணப் பதிவு. அவற்றைக் கடலூர் வீட்டுக் கட்டிலில் பரப்பி நாளுக்கு நாலு தடவை சரிபார்த்தேன். நாற்பத்தெட்டு வயதில் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவளைப் போல இருந்தேன்.

அப்பா பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன். தம்பி பிறந்த கையோடு அவனைக் கான்சுலேட்டில் பதிந்துவிட்டார். அவன் இப்போது பாரிஸ் பக்கத்தில் வேலை பார்க்கிறான். என்னைப் பதியவில்லை. அதற்குக் காரணம் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்: பெண் என்று தந்தி போனதும் ஒரு மாதம் என்னைப் பார்க்கவே அவர் வரவில்லையாம். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் இருந்தவரை ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. இப்போது பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, நான் அவருடைய மகள்தான் என்று ஒரு அரசாங்கத்திடமே எழுதி வாங்கிவிடுவது என்று கிளம்பியிருந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, வண்டி ஓட்டினார். நான் அம்மாவின் ஊரான கீரப்பாளையத்தில் பிறந்தவள் என்பது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அங்கே பதிவு அலுவலகத்தில் இரண்டு நாள் பழைய பதிவேட்டைப் புரட்டினார்கள். அந்த மாதம் ஊரில் பிறந்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள், என்னைத் தவிர. செவ்வாய் மாலை அம்மாவுக்கு போன் போட்டேன்.

“எந்த வூட்டுலம்மா என்னப் பெத்த?”

“வூட்டுல எங்க பெத்தேன்? வலி ஜாஸ்தியாயி சிதம்பரத்துக்கு வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க நர்சம்மா வூட்டுலதான் பொறந்த.”

“கீரப்பாளையம்னுதான இத்தினி வருசமா சொன்ன?”

“தாய் வூட்டு ஊரத்தான் பொறந்த ஊருன்னு சொல்லுவாங்க. நர்சம்மா வூட்டயா சொல்லுவாங்க?”

மாமா தலையில் அடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்த வேகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது.

புதன்கிழமை சிதம்பரம் நகராட்சி அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றோம். பதிவேட்டை எடுத்து வந்த அம்மாள் முதலிலேயே சொல்லிவிட்டார்: “அந்தக் காலத்துப் பதிவுல பேரு இருக்காதும்மா. பொம்பளப் புள்ளன்னு மட்டும்தான் இருக்கும். பேரு வச்ச பொறவு வந்து யாரு எழுதுனாங்க? இப்ப சேக்கணும்னா நாளாவும்.”

நாள் எங்கே இருக்கிறது? விடிந்தால் வியாழன். அவர் விரல் பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கியது. ஆண், பெண், பெண், ஆண். பெயர்க் கட்டம் எல்லாம் வெறுமை. ஓரிடத்தில் விரல் நின்றது.

“ஒங்களுக்குப் பேரு இருக்கே!” என்றார்.

நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. என் முழுப் பெயர். தகவல் தந்தவர் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து. அடையாள அட்டையில் தினமும் பார்த்த அதே சாய்ந்த கையெழுத்து. தேதி, நான் பிறந்ததற்கு மறுநாள். மாமா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

மதியத்துக்குள் சான்றிதழ் கைக்கு வந்தது. அனுமதி கேட்டு அந்தப் பக்கத்தைப் போனில் படமும் எடுத்தேன். கடலூர் வரும் வரை நானும் மாமாவும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் பேசிக்கொண்டே வந்தோம். என்னை அப்பா ஏன் கான்சுலேட்டில் பதியவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு அது பெரிதாகவும் படவில்லை.

வீட்டில் அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“நர்சம்மா வூட்டு வாசல்லயே எங்கப்பா நாற்காலி போட்டு ஒக்காந்திருந்தாரு. வளகாப்புல ஒங்கப்பாவுக்கும் அவருக்கும் பெரிய சண்ட. அவரத் தாண்டி வர இந்த மனுசனுக்குப் பயம். பயந்தாங்கொள்ளி!” என்று ஒரு பாட்டம் திட்டினாள். பிறகு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

“பேரு வைக்கிற அன்னிக்கு இந்தப் பேருதான்னு ஒத்தக் கால்ல நின்னாரு. நீ பொறந்த மறுநாளே எழுதிட்டுப் போயிருக்காரு பாரு. பொண்ணுன்னு தெரிஞ்சுதான் வந்திருக்காருடி.”