ஓட்டைக்குக் காவல் இருந்தவர்

என் வீட்டுக்காரர் புண்ணியமூர்த்தியோடு ஒரு நாள் குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். நான் குளிக்கப் போனால் போதும், கதவுக்கு வெளியே வந்து நின்றுகொண்டு, "பிரியந்தி" என்பார். நான் பதில் சொல்ல வேண்டும். சற்று நேரம் கழித்து மறுபடியும், "பிரியந்தி." தலை முழுக்கச் சவர்க்கார நுரையோடு நிற்கிறவள் எத்தனை தடவை வாயைத் திறப்பாள்? பேசாமல் இருந்தால் கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும், பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாம் இதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். "குளிக்கத்தாங்க வந்தேன், ஆத்துல குதிக்கப் போகல" என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். அந்த மனிதருக்கு உறைத்தால்தானே.

இது அரபு நாட்டில் பிடித்த பழக்கம். அங்கே பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் வருடக்கணக்காக வேலை பார்த்தார். பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்து எடுத்த பிறகு அடியில் தார் மாதிரி ஒரு கசடு மிஞ்சுமாம். அதைத் தூக்கி எறியாமல் ஒரு பெரிய இரும்புக் கலத்துக்குள் விட்டு, அளவாக ஒட்சிசன் என்கிற பிராணவாயுவும் நீராவியும் கொடுத்து, எரிகிற வாயுவாக மாற்றுவார்களாம். அந்த வாயுவைச் சுத்தம் செய்து எரித்தால் ஒரு சுழலி சுற்றும். அதிலிருந்து வெளியே போகிற சூட்டைப் பிடித்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அந்த நீராவியில் இன்னொரு சுழலி சுற்றும். இரண்டிலும் மின்சாரம். "ஒரே சூட்டுல ரெண்டு வேலை" என்று விரலை மடக்கிக் காட்டுவார். இந்தக் கதையை ஹட்டன் பஸ்ஸில் சொல்வார், கல்யாணப் பந்தியில் சொல்வார், கருமாதி வீட்டில்கூட விடமாட்டார். எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

சரி, அங்கே நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால்தான் கொஞ்சம் இழுப்பார். அந்தக் கலத்தைப் பழுதுபார்க்க நிறுத்தும்போது, அதன் பக்கவாட்டில் இருக்கும் வட்டமான ஓட்டை வழியாக ஆட்கள் உள்ளே இறங்குவார்கள். இவர் அந்த ஓட்டைக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். உள்ளே போனவரைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் வந்தால் சரி. வராவிட்டால் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும், மணியடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒன்றுக்குப் போவதென்றாலும் மாற்று ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருக்கலாமாம். எங்கள் தோட்டத்தில் இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு 'ஓட்டைக்குக் காவல்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அவர் அங்கே காவல் இருந்த காலம் முழுவதும் நான் இங்கே தனியாக இருந்தேன். மகள் பெரிய பிள்ளையானபோதும் இல்லை, என் அப்பா செத்தபோதும் இல்லை. போனில் ஒரு முகம், அதுவும் கவரேஜ் இருந்தால். கடைசியாக லீவில் வந்தபோது நான் தீர்த்துச் சொல்லிவிட்டேன். "இனிமே போறதுன்னா என்னையும் மறந்துட்டுப் போயிருங்க." அவரும் இருக்கத்தான் பார்த்தார். ஆனால் இங்கே வேலை வேண்டுமே. ஏஜென்சிக்காரன் வாரம் தவறாமல் போன் போட்டுக்கொண்டே இருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தேயிலை ஃபேக்டரிக்குப் புது மெஷின் வந்தது. கரண்ட் வெட்டும் டீசல் விலையும் படுத்திய பாட்டில் யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். சவுக்கு, டர்பன்டைன் மரத் துண்டுகளை ஒரு இரும்புக் கலத்தில் போட்டு, காற்றைக் குறைத்துக் கொடுத்து வாயுவாக்கி, அதில் இன்ஜினை ஓட்டிக் கரண்ட் எடுப்பது. இன்ஜின் சூட்டைக் கொழுந்து வாட்டும் மாடிக்கு அனுப்புவது. என் வீட்டுக்காரர் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பிரியந்தி, இது எங்க பிளான்ட்டு போட்ட குட்டி" என்றார். முகத்தைப் பார்க்க வேண்டுமே, பேரப்பிள்ளை பிறந்த மாதிரி. ஃபேக்டரியை நடத்துகிற டீமேக்கர் செந்தூரன் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், இவருடைய பேச்சைக் கேட்டு இவரையே அந்த மெஷினுக்குப் போட்டார். நான் மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தேன்.

வேலை கிடைத்ததா, வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டியதுதானே? இல்லை. மெஷினைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டார். கோட்டுக்குள் பீடி கூடாது, வெற்றிலை கூடாது, வேடிக்கை கூடாது. அரபு நாட்டிலிருந்து கொண்டுவந்த செம்மஞ்சள் கயிற்றை அதன் பக்கத்தில் மாட்டிவைத்தார். மழைக்காலத்தில் துணி காயப்போட ஒரு நாள் கேட்டதற்கு எனக்கே தராத கயிறு அது. செந்தூரன் ஐயாவையே இரண்டு தடவை கையை நீட்டித் தடுத்திருக்கிறார். நான் ஃபேக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை செய்கிறவள். எல்லாம் என் காதுக்குத்தான் வந்து சேரும். "ஒன் புருசன் என்ன தொரையா?" என்று பேச்சியம்மாக்கா கேட்காத நாளில்லை.

பேச்சியம்மாக்கா ஃபேக்டரி கூட்டுகிறவர். வாய் துடுக்கு, ஆனால் கை சுத்தம். வருடா வருடம் ஆயுத பூசைக்கு, கொழுந்து வாட்டச் சூடு கொடுத்த பழைய அடுப்பை அணைத்து ஆறவிட்டு, அவர்தான் உள்ளே நுழைந்து சாம்பலை வழித்து, சாணி தெளித்து, கோலம் போட்டுவிட்டு வருவார். அது செங்கல் அடுப்பு, ஒரு சின்ன அறை மாதிரி. கோலம் போடாமல் அதில் மறுபடி தீ வைத்ததே கிடையாது. இந்த வருடம் அந்த அடுப்பு இல்லை, புது மெஷின்தான் இருக்கிறது. அதற்கும் பக்கவாட்டில் ஒரு ஆள் குனிந்து நுழையக் கதவு இருக்கிறது. பூசையன்று அக்கா விளக்குமாறும் கோலமாவுமாக வந்து நின்றார்.

"உள்ள போகக்கூடாதுக்கா" என்றார் இவர்.

"நேத்தே அணைச்சாச்சுல்ல?"

"அணைச்சாலும் சாம்பலுக்கடியில கரி கனன்றுகிட்டு இருக்கும். அதுலேர்ந்து வர்ற வாயுவுக்கு மணமும் இல்ல, நெறமும் இல்ல. மூச்சோட போயி ஆளைச் சாய்ச்சுப்புடும். எல்லாக் கதவையும் தொறந்து நாளை வரைக்கும் காத்தடிக்கணும்."

"இத்தன வருசமா எந்த அடுப்பு என்னைச் சாய்ச்சுச்சு?"

பூசாரி வந்துவிட்டார். சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. செந்தூரன் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "புண்ணியமூர்த்தி, நாளைக்குக் கொழுந்து வருது. எனக்கு மெஷின் ஓட வேணும். சனங்களும் கோலம் போடாமல் வேலைக்கு வராதுகள். ஒருக்கா விடும்."

இவர் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "என்னங்க, எந்திரிங்க, பொழப்புல மண்ணைப் போட்டுறாதீங்க" என்று கெஞ்சினேன். அசையவில்லை. ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்ப நீர் வீட்டை போம். நாளைக்கும் வர வேண்டாம்."

ஏஜென்சிக்காரனின் போன்தான் காதில் கேட்டது. மறுபடியும் விமான நிலையம், மறுபடியும் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். இந்த மனிதரோ எழுந்து, அமைதியாகப் போய் அந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி கதவுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். "உள்ள போறதத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. வெளிய உக்கார அதிகாரம் தேவையில்ல. கயித்தக் கட்டிகிட்டுப் போங்க. நான் கூப்பிட்டா பதில் சொல்லணும்."

அக்கா சம்மதிக்கவில்லை. நான்தான் அவருடைய இடுப்பில் கட்டினேன். "அந்த மனுசன் வாய அடைக்கவாவது கட்டிக்கங்கக்கா." எல்லாரும் சிரித்தார்கள். மாட்டைக் கட்டுகிற மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

அக்கா உள்ளே போனார். சாம்பல் வழிக்கிற சத்தம் கேட்டது. "பேச்சியம்மாக்கா" என்றார் இவர்.

"செத்தா போயிட்டேன்? இருக்கேன்."

சற்று நேரம் போனது. "பேச்சியம்மாக்கா." பதில் இல்லை. இவர் இழுத்தார். அக்கா பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தார், முகமெல்லாம் கோலமாவு, கையில் விளக்குமாறு. ஃபேக்டரியே விழுந்து விழுந்து சிரித்தது. பூசாரிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அக்கா எழுந்து இவரைத் திட்டிய திட்டை எழுத முடியாது. "புள்ளி எண்ணுறப்ப வாயத் தொறக்க முடியுமா? பாதிக் கோலம் போச்சு. இனி நீ கூப்பிட்டா நான் வாயத் தொறந்தா என் பேரு பேச்சியம்மா இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி நுழைந்தார்.

இவர் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். உள்ளே சத்தமும் இல்லை.

"வம்புக்குத்தாங்க பேசாம இருக்காங்க" என்றேன் நான். "சொல்லிட்டுத்தானே போனாங்க. இன்னொருக்கா இழுத்து அசிங்கப்படாதீங்க, கோலத்த முடிக்க விடுங்க." எல்லாரும் அதையே சொன்னார்கள். இவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்தார். முன்பு சர்ரென்று வந்த கயிறு இப்போது வரவில்லை. கனமாக இருந்தது.

"கயித்தப் புடி பிரியந்தி."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிடித்தேன். செந்தூரன் ஐயாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்திருக்கிறது. மனுஷன் நல்லவர்தான், சட்டென்று குனிந்து கதவுக்குள் தலையை விட்டார். இவர் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மறு கையால் ஐயாவின் சட்டைக் கொலரைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். டீமேக்கரின் கொலரை ஒரு தொழிலாளி பிடித்ததை எங்கள் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. "உள்ள ஒருத்தர் விழுந்தா ஒருத்தர்தான். தூக்கப் போறவரும் அங்கயே கெடப்பாரு" என்றார். அதைக் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் இழுத்தோம். அக்காவின் கால் முதலில் வந்தது, பிறகு சேலை, பிறகு முகம். கண் மூடியிருந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வாசலுக்குத் தூக்கிக்கொண்டுபோய் மலைக்காற்றில் கிடத்தினோம். இவர் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, "பேச்சியம்மாக்கா, பேச்சியம்மாக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே இருந்தபோது கூப்பிட்ட அதே குரல், அதே இடைவெளி. எத்தனையாவது தடவையோ, அக்கா முனகினார். பிறகு வாந்தி எடுத்தார். பிறகு, "இருக்கேன்டா, கத்தாத" என்றார்.

அக்காவை லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே ஒட்சிசன் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். செந்தூரன் ஐயா கொலரைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார். "புண்ணியமூர்த்தி, நாளைக்கு வாரும்" என்றார். நானாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "நாளைக்கு வர்றேங்க ஐயா. இந்தக் கதவுக்குக் குறுக்கே கம்பி போட்டுப் பூட்டுற வரைக்கும் இன்னிக்கு எந்திரிக்க மாட்டேன்." ஃபேக்டரி முழுவதும் காலியான பிறகும், கம்பி போட்டுப் பூட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் கொண்டுபோன பொங்கல் அவர் முன்னால் ஆறி அவலாகிவிட்டது. இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பொழுது சாய வீட்டுக்கு வந்து, உடம்பெல்லாம் ஒட்டியிருந்த சாம்பலைக் கழுவலாம் என்று குளிக்கப் போனேன். தலையில் தண்ணீர் ஊற்றியிருப்பேன், வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"பிரியந்தி."

காலையில் அத்தனை பேருக்கு முன்னால் உறுதியாக இருந்த குரல் இப்போது உடைந்திருந்தது. நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"இருக்கேங்க" என்றேன். பக்கத்துக் காம்பராவிலிருந்து யாரும் சிரிக்கவில்லை. அவர் போகவும் இல்லை. சற்று நேரத்தில் மறுபடி கூப்பிட்டார்.

"இருக்கேங்க. இங்கதான் இருக்கேன்."