சம்பந்தி வீட்டுக்குப் போன துண்டு

மகளைக் கட்டிக்கொடுத்த முதல் கோடையில், நெய்க்காரப்பட்டி சம்பந்தி வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழம் சீர் கொண்டுபோனோம். திண்டுக்கல் பக்கம் ஆத்தூரில் எங்கள் தோப்பில் பழுத்தது. தோலில் பெரிதாக ஒரு குறையும் தெரியவில்லை. சொந்தபந்தம் கூடியிருக்க, சம்பந்தியம்மா பழத்தை அறுத்தார். வெள்ளைப் புழு ஒன்று துள்ளி அவர் மடியில் விழுந்தது.

“புழுவும் சீருதானுங்களா, சம்பந்தியம்மா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். மகள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அதன்பிறகு அந்த வீட்டில் மாம்பழம் என்று வாயெடுத்தாலே புழுப் பேச்சுதான் என்று போனில் சொல்லி அழுதாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த வருஷம் புழு இல்லாத கூடையைக் கொண்டுபோய் அதே வாசலில் இறக்காவிட்டால் நான் நானில்லை என்றிருந்தேன்.

தோட்டக்கலை அலுவலர் ஒருவர் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கச் சொன்னார். பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மருந்தில் ஊறிய சின்ன மரக்கட்டை. அந்த வாசனைக்கு ஆண் பழ ஈக்கள் மட்டும் ஓடிவந்து உள்ளே செத்து விழுமாம். ஜோடி கிடைக்காத பெண் ஈ முட்டை வைத்தாலும் புழு வராதாம்.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. “ஏன்டி, பழத்துல குத்தி முட்டை வைக்கிறது பொம்பளை ஈ. சாகுறது மட்டும் ஆம்பளையா?”

“ஊர் உலகத்துல நடக்காததா? ஏறிக் கட்டுங்க.”

கட்டினார். ஒரே வாரத்தில் டப்பாக்களில் ஈ குவிந்ததும் மனிதருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. தண்ணீர் கேட்டு வந்தவரைக்கூட இழுத்துப்போய்க் காட்டினார். உதிர்ந்த பழத்தையெல்லாம் பொறுக்கிக் குழியில் புதைத்து இடுப்பொடிந்தது நான். பேர் வாங்கியது அவர்.

சீர் கொண்டுபோகிற காலையில், “செத்த நேரம் இரு, கட்டையை மாத்திட்டு வாரேன்” என்று தோப்புக்குள் போனார். திரும்பி வந்து கை கழுவினார், நான் தேய்த்துவைத்த வேட்டி சட்டை உடுத்தினார். தோளில் கிடந்த பழைய துண்டை மட்டும் விடவில்லை. எங்கள் பக்கத்து ஆண்களுக்குத் துண்டுதான் எல்லாம். முகம் துடைக்க, பஸ்ஸில் இடம் போட, கோபம் வந்தால் உதறிக்கொண்டு எழுந்திரிக்க. கட்டை மாற்றிய கையையும் அதில்தான் துடைத்திருக்கிறார் என்று நான் என்ன கனவா கண்டேன்?

சம்பந்தி வீடு கொய்யாத் தோப்புக்கு நடுவில் இருக்கிறது. வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். இவர் தோளில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அப்புறம் நாலு. தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் தோள், கழுத்து, காது எல்லாம் மொய்த்துவிட்டது. விரட்ட விரட்ட வந்தது.

“அப்பா குளிக்கலையாம்மா?” என்று மகள் என் காதில் கேட்டாள். ஐயோ, பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

சம்பந்தியம்மா ஒரு பழத்தை அறுத்தார். புழு இல்லை. இன்னொன்றை அறுத்தார். நம்பாமல் பாதிக் கூடையை அறுத்துத் தள்ளிவிட்டார். ஒன்றிலும் இல்லை. பிறகு நிமிர்ந்து இவரைப் பார்த்தார். இவர் துண்டை முகர்ந்துவிட்டு, தலையைக் குனிந்தபடி பொறிக் கதையைச் சொன்னார்.

அடுத்த குத்தலுக்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சம்பந்தியம்மாவோ என் மகளைக் கூப்பிட்டு ஒரு துண்டத்தைக் கையில் கொடுத்தார். “உங்கம்மா வீட்டுப் பழம். நீ மொதல்ல சாப்பிடு கண்ணு.” அப்புறம் என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க சம்பந்தியம்மா, எங்க கொய்யாவும் புழுத்துத்தானுங்க போகுது. பழத்தை வேணும்னா திருப்பி எடுத்துட்டுப் போங்க. சம்பந்தியை ஒரு வாரம் இங்க விட்டுட்டுப் போங்க.”

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இவரை அங்கே விட்டுவரவில்லை. துண்டை விட்டுவிட்டு வந்தோம். வாசலோரக் கொய்யாவில் கட்டித் தொங்கவிட்டார்கள். வெறும் தோளோடு பஸ் ஏறிய மனிதர் திண்டுக்கல் வரும்வரை என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். மகள் சிரிக்கிறாள் என்றால், வீட்டிலிருக்கிற அத்தனை துண்டையும் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவேன்.