உம்மா கேட்ட கிதாபு

பிள்ளைகளே, நீங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் கழித்த புத்தகங்களைச் சாக்கில் போடுகிறீர்கள். அந்தப் பழைய தாளின் வாசம் என்னை ஐம்பதுகளில் கிழக்கிலங்கைக் கடலோரச் சாய்ந்தமருதுக்குக் கொண்டுபோய்விட்டது.

என் உம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. குர்ஆன் ஓதப் பழகிய அரபு எழுத்து மட்டும் தெரியும். அந்த எழுத்தில் தமிழை எழுதிய கிதாபுகள் எங்கள் வாசிகசாலையில் ஒரு தட்டு நிறைய இருந்தன. பெண்கள் அங்கே போவதில்லை.

"எனக்கும் ஒண்டக் கொண்டு வாங்களன்" என்று உம்மா வாப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். வாப்பாவும் மறந்துகொண்டே இருந்தார்.

ஒருநாள் வாப்பா நனைந்த சாரனோடு வந்தார்.

"வாசிகசாலையில ஒருத்தரும் எடுக்காத கிதாபெல்லாம் கழிச்சம் புள்ள. அரபு எழுத்துத்தானே, குப்பையில போடப்படாது. மரியாதையா கடல்ல உட்டுட்டு வாறம்."

"நான் கேட்ட கிதாபுமா?"

வாப்பா சாரன் முனையைப் பிழிந்துகொண்டே "ஓம்" என்றார்.

மறுநாள் தமிழ் எழுத்தில் அச்சான ஒரு புதுப் புத்தகத்தை உம்மாவிடம் நீட்டினார். உம்மா அதை, வலமிருந்து இடமாக ஓதும் கிதாபைத் திறப்பதுபோலப் பின்னட்டையிலிருந்து திறந்தார். வெகுநேரம் தாள்களைப் புரட்டினார்.

"வடிவா இரிக்கி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எந்தக் கிதாபும் கேட்கவில்லை.

பிள்ளைகளே, சாக்கைக் கட்டுவதற்கு முன் நூலகத்துக்கு வர முடியாதவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.