உப்பு போட்டாச்சா?

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை காலை அது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இட்லி மாவு அரைத்து விற்கும் சின்ன யூனிட் ஒன்றை நடத்தி வருகிறேன். அன்று எட்டரை மணிக்கு வந்த ஒரு போனையும் அதற்குப் பிறகு நான் பண்ணிய காரியத்தையும் நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

என் அப்பா கைலாசபுரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர். மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் வீட்டில் காபி கேட்பதும் அதே குரலில்தான். அந்தக் குரல் எனக்கு அப்படியே வந்திருக்கிறது. வீட்டில் ஒரே ஒரு கிரைண்டரை வைத்து அக்கம்பக்கத்து ஃபிளாட்டுகளுக்கு மாவு கொடுக்க ஆரம்பித்தவள், ஆறு வருடத்தில் தில்லை நகர் கடைகள் வரைக்கும் போய்விட்டேன். அதற்கு அந்தக் குரலும் ஒரு காரணம் என்று அப்போது முழுசாக நம்பினேன். இன்றைக்கும் பாதி நம்புகிறேன்.

யூனிட்டில் அப்போது ஐந்து பேர். அரிசி, உளுந்து அரைக்கிற அண்ணன் ஒருவர், பேக்கிங்கில் இரண்டு பெண்கள், கடைகளுக்கு மாவு கொண்டுபோகிற ஆட்டோக்காரர், அப்புறம் மாவைக் கலக்குகிற பெண். அவர் ஜீயபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நான் ஆரம்பித்த முதல் மாதத்திலிருந்து என்னோடு இருப்பவர். மாவில் கையை விட்டுப் பார்த்தே இது எத்தனை மணிக்குப் பொங்கும் என்று சொல்லிவிடுவார், அது தப்பாது. பெயர் வேண்டாம், ஜீயபுரத்துக்காரர் என்றே சொல்கிறேன்.

'இங்கே இன்னார் வேலை என்று கிடையாது, எல்லாரும் எல்லாத்தையும் பார்க்கணும்' என்பது நான் வைத்திருந்த கொள்கை. கேட்பவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உப்பும் அப்படித்தான். மாவு டிரம்முக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் எவர்சில்வர் டம்ளரில் அளந்து போடுவார்கள். அடுத்து வருகிறவர் "உப்பு போட்டாச்சா?" என்று கேட்பார். "போட்டாச்சு" என்று பதில் வரும். சுத்தத்துக்காக, மாவை யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதும் நான் போட்ட சட்டம்தான்.

இது போதாதென்று மாவு கலக்கும் இடத்தில் ஒரு கேமராவும் மாட்டியிருந்தேன். பேச்சும் பதிவாகும் கேமரா. பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் ஒரு டிரம் மாவு தரை முழுக்கக் கொட்டிக் கிடந்தது. யாரைக் கேட்டாலும் பூனை தள்ளிவிட்டது என்றார்கள். உடனே ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை அடித்தேன், கேமராவையும் வாங்கினேன். அதற்குப் பிறகு பூனை வரவே இல்லை. வலை வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. கிறிஸ்தவக் குடும்பம். மகளுக்குப் புது நன்மை, சர்ச்சில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். காலைத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வருகிற விருந்தினர்களுக்கு இட்லி ஊற்றுவதற்காக எங்களிடம் ஒரு டிரம் மாவு சொல்லியிருந்தார். சனிக்கிழமை சாயந்தரமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

"மேடம், மாவுல உப்பே இல்லீங்க," என்றார். கோபமே இல்லாத குரல். "ஃபாதர் ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டாருங்க. அவர் அவ்வளவு பொறுமையா சாப்பிடுறதைப் பார்த்துத்தான் எனக்கே சந்தேகம் வந்துச்சு."

மீதி மாவில் சமையல்காரர் உப்பைக் கரைத்து ஊற்றிச் சமாளித்துவிட்டாராம். முதல் பந்தி மட்டும் போயே போய்விட்டது. அவர் கத்தியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. பிள்ளைக்கு நல்ல நாள் என்பதால் பெரிதுபடுத்தவில்லை, அடுத்த தடவை கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை விற்பனை அதிகம் என்பதால் யூனிட்டில் எல்லாரும் இருந்தார்கள். நேராகப் போனேன். சனிக்கிழமை மதியம் கலக்கியது ஜீயபுரத்துக்காரர்தான் என்று எனக்குத் தெரியும். யாரையும் எதையும் விசாரிக்கவில்லை. அப்பாவின் குரலை முழுசாகத் திறந்துவிட்டேன். உன் வீட்டுச் சோற்றில் உப்பு போட மறப்பாயா, சம்பளம் வாங்க மட்டும் மறப்பதில்லையே என்றெல்லாம் கேட்டேன். இன்னும் சிலதும் கேட்டேன், எழுத முடியாது.

அவர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "அக்கா, நீங்கதானே..."

"நான்தான் என்ன? நான்தான் உனக்கு இடம் குடுத்தேன், அதான் தப்பு," என்று அங்கேயே வெட்டிவிட்டேன்.

அவர் கையிலிருந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். ஏப்ரனை அவிழ்த்து மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த ஆறு வருடத்தில் போயிட்டு வரேன் என்று சொல்லாமல் அவர் கிளம்பியது அன்றைக்குத்தான்.

மதியம் வீட்டுக்கு வந்ததும் கேமரா ஞாபகம் வந்தது. அவர் உப்பு போடாமல் மூடியதைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொண்டால், நாளைக்கு யாராவது நியாயம் பேச வந்தால் காட்டலாமே என்று செல்போனில் சனிக்கிழமையைத் தேடினேன்.

இருந்தது. மதியம் இரண்டே முக்கால். ஜீயபுரத்துக்காரர் சாப்பிட்டுவிட்டு வருகிறார். ஆசிரியைக்குப் போக வேண்டிய டிரம்மில் மாவு ஏற்கெனவே ஊற்றிக் கலந்து கிடக்கிறது. டம்ளர் நிறைய உப்பை அள்ளுகிறார். போடப்போன கை நிற்கிறது. வேறு யாராவது போட்டிருப்பார்களோ என்ற சந்தேகம். அந்த நேரம் பார்த்து நான் காதில் போனோடு உள்ளே வருகிறேன். "அக்கா, இதுல உப்பு போட்டாச்சா?" என்று அவர் கேட்பது தெளிவாக விழுகிறது.

போனில் இருந்தவர் தில்லை நகர் கடைக்காரர். தன் சரக்கை ஆட்டோவில் போட்டாச்சா என்று அவர் அங்கிருந்து கேட்டது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் ஜீயபுரத்துக்காரர் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. கையை மட்டும் அவரைப் பார்த்து ஆட்டிக்கொண்டே, "போட்டாச்சு, போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போகிறேன். அவர் டம்ளர் உப்பை மறுபடி டப்பாவிலேயே கொட்டிவிட்டு டிரம்மை மூடுகிறார்.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நான் அதையேதான் சொன்னேன்.

இந்தக் கேமராவில் பதிவெல்லாம் ஏழு நாளில் தானாக அழிந்துவிடும். நான் எதையும் மறைக்க வேண்டியதுகூட இல்லை, சும்மா இருந்தால் போதும். உண்மையைச் சொல்கிறேன், தட்டில் தயிர் சாதம் தீரும் வரை சும்மா இருந்துவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன். முதலாளி என்று ஒருத்தி இறங்கிப் போனால் அப்புறம் நாளைக்கு யார் மதிப்பார்கள் என்று ஒரு பயம். ஆனால் கை கழுவும்போது அந்த "நீங்கதானே" காதில் வந்து நின்றுகொண்டது. அவர் சொல்ல வந்தது பொய்யில்லை, சாக்கில்லை. நடந்ததைத்தான் சொல்ல வந்திருக்கிறார். அதைச் சொல்லக்கூட நான் விடவில்லை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கரூர் ரோட்டில் ஜீயபுரத்துக்குப் போனேன். வாழைத் தோட்டங்களைத் தாண்டி உள்ளே இரண்டாவது தெரு. என்னைப் பார்த்ததும் அவர் ஆச்சரியப்படவில்லை. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். நாளையிலிருந்து இலை அறுக்கப் போகலாம் என்று பக்கத்துத் தோப்பில் சொல்லி வைத்திருப்பதாகச் சாதாரணமாகச் சொன்னார். அவர் இல்லாமல் என் மாவு வெறும் மாவுதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

செல்போனை நீட்டி அந்தப் பதிவைக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எனக்குத் தெரியுமேக்கா. எனக்குக் காட்டவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

தப்புதான், மனசில் வைத்துக்கொள்ளாதே, நாளைக்கு வந்துவிடு, மற்றவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார், சரி என்று இல்லை.

"நாலு பேர் முன்னாடி திட்டினீங்க. அதே நாலு பேர் முன்னாடி, நான் நிக்கும்போது சொல்லுங்க. காலையில வரேன். சொன்னா ஏப்ரன் கட்டுறேன். இல்லன்னா அடுத்த பஸ் இருக்கு."

நாலு பேர் முன்னாடி என்று ஊரில் எல்லாரும்தான் சொல்வார்கள். எங்கள் யூனிட்டில் அவரைத் தவிர்த்து எண்ணினால் சரியாக நாலு பேர்தான் என்பது திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை காலை எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தேன். கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன். ஜீயபுரத்துக்காரர் சொன்ன மாதிரியே வந்து ஓரமாக நின்றார். மேஜை மேலிருந்து எடுத்த ஏப்ரன் மடித்தபடியே கையில் இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"சனிக்கிழமை ஒரு தப்பு நடந்துபோச்சு."

அவர் ஏப்ரனைப் பிரிக்கவில்லை.

"கொஞ்சம் கவனக்குறைவா இருந்துட்டோம்."

அப்போதும் பிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில்தான் என் வாயிலிருந்து என்ன வந்துகொண்டிருக்கிறது என்று எனக்கே கேட்டது. நடந்துபோச்சு என்றால் யார் நடத்தியது? இருந்துட்டோம் என்றால் யார் யார்? மழை பெய்துபோச்சு என்கிற மாதிரி, ஆளே இல்லாமல் ஒரு தப்பை நடத்திக் காட்டிக்கொண்டிருந்தேன். போட்டாச்சு என்பதும் அதே கதைதான். போட்டது யார் என்று அந்த வார்த்தையில் இடமே இல்லை. ஆறு வருடமாக அந்த வார்த்தையை நம்பித்தான் உப்பு போட்டுக்கொண்டிருந்தோம்.

மூச்சை இழுத்துவிட்டு மறுபடி சொன்னேன். "அந்தத் தப்பு நான் பண்ணினேன். உப்பு போட்டாச்சான்னு அவ என்கிட்ட கேட்டா. நான் போன்ல பேசிக்கிட்டே போட்டாச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். மறுநாள் அவளையே திட்டினேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

என் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதே இல்லை. ஜீயபுரத்துக்காரர் ஏப்ரனை உதறி, கழுத்தில் மாட்டி, பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்தது, வேலையைப் பார்க்கலாம் என்று நான் திரும்பும்போது, மாவு அரைக்கிற அண்ணன் மெதுவாகக் கையைத் தூக்கினார். ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர்.

"அம்மா, அந்தப் பூனை நான்தாங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் பேக்கிங் பெண்கள் இரண்டு பேரும் ஜன்னல் வலையைப் பார்த்ததும் புரிந்தது. பிப்ரவரியில் டிரம்மை நகர்த்தும்போது இவர் கை வழுக்கிக் கவிழ்ந்திருக்கிறது. என் வாய்க்குப் பயந்து இல்லாத ஒரு பூனையைப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார். மற்ற நாலு பேருக்கும் அது தெரியும். வலை அடித்த அன்று எல்லாரும் சேர்ந்து ஏணியை வேறு பிடித்திருக்கிறார்கள். முதலில் சிரித்தது ஜீயபுரத்துக்காரர்தான். அதற்கப்புறம் ஆட்டோக்காரர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அந்த வார மாவு பூராவும் நன்றாகப் பொங்கியது என்று எழுத ஆசைதான், ஆனால் எப்போதும் போலத்தான் பொங்கியது.

அன்றிலிருந்து எங்கள் யூனிட்டில் 'ஆச்சு' கிடையாது. கேட்கிறவர் "உப்பு யார் போட்டது?" என்று கேட்க வேண்டும். போட்டவர் "நான் போட்டேன்" என்று சொல்ல வேண்டும். 'யார்' என்றாலே முன்பு எல்லாருக்கும் திக்கென்று இருக்கும், அடுத்தது திட்டுதான் என்று தெரியும். திட்டு வராது என்று அவர்களுக்கு நம்பிக்கை வர நாலைந்து மாதம் ஆனது. அதற்குள் நானும் இரண்டு முறை நாக்கு தவறிக் கத்தி, இரண்டு முறையும் அதே இடத்தில் நின்று தப்பு நான்தான் பண்ணினேன் என்று சொன்னேன். யாருக்கும் என் மேல் மரியாதை குறையவில்லை. இப்போது பதினோரு பேர் இருக்கிறோம், மாவு கலக்குகிற பகுதி முழுக்க ஜீயபுரத்துக்காரர் பொறுப்பு. அந்த ஆசிரியை இரண்டாவது மகளின் புது நன்மைக்கும் எங்களிடமேதான் மாவு வாங்கினார்.

கேமராவைக் கழற்றிவிட்டேன். ஜன்னல் வலையை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன், யார் மேலாவது கத்த வாய் வரும்போதெல்லாம் அதைப் பார்த்தால் வராத பூனையும் அதை வரவழைத்த என் குரலும் ஞாபகத்துக்கு வந்து, முதலில் எதிரே நிற்பவரைச் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்ல விடுகிறேன்.